தகப்பன் பேரோடு கூப்பிடுவார்கள்

— இல்லம்மா, நீ சொல்றது தப்பு. பட்டாவுல ஏறின கேவியட்டை இறக்கறதுக்கு ரெண்டே வழிதான். மூணாவது வழி இருக்குன்னு உன் வக்கீல் சொன்னா, முதல்ல வக்கீலை மாத்து.

— அவ ஒண்ணும் சொல்லலண்ணே. சின்னப் பொண்ணு. உள்ள போய் உக்காந்திருக்கா.

— சின்னப் பொண்ணா? போச்சு. சரி, நான் சொல்றேன், கேட்டுக்க. முப்பத்தெட்டு வருஷம் தேசாய் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா நான். பிஸேஸ்வர்னு சொன்னா இந்த லவுட்டோக்கா கோர்ட்டுல தூணுக்குக்கூடத் தெரியும்.

— தெரியும்ண்ணே.

— எப்படித் தெரியும்?

— சொல்லுவாங்க.

— சொல்லுவாங்க, சொல்லுவாங்க. சரி, முதல் வழி. தலைநகரம் சுவாவுல பட்டா பதியற டைட்டில்ஸ் ஆபீஸ் இருக்குல்ல? நிலத்துக்காரன் அங்க மனு போடுவான். 'என் பட்டாவுல இவ கேவியட் போட்டு வச்சிருக்கா, இவளைக் கேக்காம நான் நிலத்தை விக்க முடியல, எடுத்து விடுங்க'ன்னு. ரிஜிஸ்திரார் உனக்கு நோட்டீஸ் அனுப்புவாரு. இருபத்தோரு நாள். நீ சும்மா இருந்தா இருபத்திரண்டாம் நாள் கேவியட் காலி. கேட்டியா?

— நோட்டீஸ் வந்துச்சு. கோர்ட்டுல தடை வாங்கினேன்.

— எத்தனாவது நாள்?

— இருபதாவது நாள்.

— பாத்தியா! நோட்டீஸை எடுத்து அரிசி டப்பா மேல வச்சுட்டு பத்தொம்பது நாள் அதையே பாத்துக்கிட்டு இருந்திருப்ப. எல்லா வீட்டுலயும் இதே கதை. சரி, பரவாயில்ல, வந்துட்ட. இப்ப ரெண்டாவது வழி. நிலத்துக்காரன் கோர்ட்டுக்கு வந்து உனக்கு சம்மன் கொடுப்பான். 'காரணம் காட்டு'ன்னு அந்த சம்மனுக்குப் பேரு. யாரு காரணம் காட்டணும்? சொல்லு பாப்போம்.

— நான்.

— நீதான்! அவன் வாயே திறக்க வேண்டாம். இந்த நிலத்துல உனக்கு என்ன பாத்தியதைன்னு நீதான் ஜட்ஜ் முன்னாடி சொல்லணும். வாங்கறதா ஒப்பந்தம் இருக்கா, அடமானம் இருக்கா, பங்கு இருக்கா? ஏதாவது ஒண்ணு எழுத்துல இருக்கணும். இல்லேன்னா பத்து நிமிஷத்துல கேவியட்டை எடுத்துடுவாங்க. இன்னிக்கா உனக்கு?

— இன்னிக்குத்தான். இந்தாங்க, டீ. எலுமிச்சம்புல் போட்டது.

— எனக்கா? வேணாம்மா... சரி, கொடு. ம்ம். அட, சர்க்கரை சரியா இருக்கே. என் மருமகளுக்கே இது தெரியாது, ரெண்டு ஸ்பூனோட நிறுத்திடுவா.

— ரொட்டியும் இருக்கு.

— இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. கறி, மீன் எதுவும் கூடாது எனக்கு.

— உருளைக்கிழங்குதான் வச்சேன்.

— அப்ப கொடு. நீ எதுக்கு வந்தன்னு கேட்டேனா? உன் பேரு என்ன, அப்பா பேரு என்ன?

— உள்ள கூப்பிடுவாங்கள்ல. அப்பக் கேட்டுக்கங்க.

— அட, அப்பா பேரைச் சொல்றதுக்கு என்ன? தகப்பன் பேரு இல்லாம நம்ம ஆளுங்களுக்குப் பேரே கிடையாதே. ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா? ராஜ் குமாரின்னு ஒருத்தி, அப்பா பேரு ஹர்பால். இன்னொரு ராஜ் குமாரி, பா ஊருக்காரி, அவ அப்பா பேரு ஹரிபால். ஒரு எழுத்துதான். முதல் ராஜ் குமாரி நிலத்துல ஏற வேண்டிய கேவியட் போய் பா ஊருக்காரி நிலத்துல உக்காந்துக்கிச்சு. அவ பாவம், வாங்கற ஆளை வீட்டுல உக்கார வச்சு சேமியா பாயசம் கொடுத்துக்கிட்டு இருக்கா, பட்டாவைப் பாத்தா கேவியட்! 'எவடி அவ'ன்னு கிளம்பி வந்து, இதோ இந்த வாசல்ல, ரெண்டு ராஜ் குமாரியும் முடியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

— எழுத்தை விட்டது யாரு?

— ...நான்தான். தேசாய் வக்கீல்கிட்ட சொல்லிடாத.

— அவரு செத்துப் போயி பதினாலு வருஷம் ஆச்சுண்ணே.

— யாரு, தேசாய் வக்கீலா? போடி! நேத்துகூட ஆபீஸ்ல... எப்ப செத்தாரு?

— பதினாலு வருஷம்.

— எனக்கு யாரும் சொல்லலையே. வைஸேயா! ஏ வைஸேயா! எங்க வழக்கு எப்பப்பா?

— இன்னும் ரெண்டு இருக்கு பெரியவரே. இதோட நாலு தடவை கேட்டுட்டீங்க. உங்களுக்கும் அப்பத்தான்க்கா, எழுந்து போயிடாதீங்க.

— நல்ல பையன். இவங்கப்பனும் இந்தக் கோர்ட்டுலதான் வேலை. இதே மாதிரி இடுப்புல சுலு துணி கட்டிக்கிட்டு, இதே மாதிரி கத்துவான்.

— உங்களுக்கு என்ன வழக்குண்ணே?

— எனக்கு வழக்கெல்லாம் இல்லம்மா. சாட்சி. பழைய பத்திரம் ஏதாவது அடையாளம் காட்டணும்போல. என் பையன் ஆக்லாந்துலேர்ந்து வந்திருக்கான், ரோனில். அவன்தான் கூட்டிக்கிட்டு வந்தான். வண்டி நிறுத்தப் போயிருக்கான்.

— வண்டி நிறுத்தியாச்சு. மாடில வக்கீலோட பேசிக்கிட்டு இருக்கான்.

— இருக்கட்டும். என்னை இந்த பெஞ்சை விட்டு அசையக் கூடாதுன்னுட்டுப் போனான். அதுக்கப்புறம் நீ வந்து உக்காந்த. சரி, விஷயத்துக்கு வா. யாரு நிலத்துல போட்ட கேவியட்டு?

— எங்க அண்ணன் நிலத்துல.

— அடிப்பாவி! கூடப் பிறந்த அண்ணனா?

— கூடப் பிறந்தவருதான்.

— வெக்கமா இல்ல உனக்கு? லீஸ் நிலமா, சொந்தப் பட்டாவா?

— சொந்தப் பட்டா. ஸபேட்டோல அஞ்சு ஏக்கர். கரும்பும் வீடும்.

— ஸபேட்டோல சொந்தப் பட்டாவா? தங்கமாச்சே அது! அதான் கண்ணு உறுத்திடுச்சு. கோவிச்சுக்காத, நான் பளிச்சுன்னு பேசற ஆளு. எத்தனை தங்கச்சிங்களைப் பாத்திருக்கேன். கல்யாணத்துக்கு நகை வாங்கிக்கிட்டு, சீர் வாங்கிக்கிட்டு, அண்ணன் முடி நரைச்சதும் பட்டாவுக்கு வந்துடுவாளுங்க.

— சொல்லிக்கங்க.

— கோவம் வரலையா உனக்கு?

— வரல. வீட்டு வாசல்ல நின்னு என்னைத் திருடின்னு கத்தினாரு அண்ணன். நாய்க்கு ஊத்தற தண்ணியை எடுத்து மேல ஊத்தினாரு. அன்னிக்கும் வரல. ரொம்ப நேரம் மடக்கி உக்காந்தா கால் மரத்துப் போகும்ல, அந்த மாதிரி ஆயிடுச்சு. கிள்ளினாலும் தெரியல.

— ம்ம். அண்ணன் எதுக்கு விக்கறான்?

— அவரா விக்கல. பையனுக்கு அங்க வீடு வாங்கணும். அவனையும் குத்தம் சொல்ல முடியாது, குழந்தைங்களை வச்சுக்கிட்டு வாடகை வீட்டுல இருக்கான். அப்பாவைத் தனியா விடவும் பயமா இருக்கு அவனுக்கு. போன மாசம் அடுப்பை அணைக்காம விட்டுட்டாரு. நிலத்தை வித்துட்டு அவரை சுவால ஒரு முதியோர் இல்லத்துல சேக்கறதா ஏற்பாடு.

— சேக்கட்டுமே. வயசானா அதானே.

— அவருக்கு எல்லா இடத்துலயும் வழி தப்புது. கடைத்தெருவுல தப்புது, கோயில்ல தப்புது. அந்த வீட்டுல மட்டும்தான் தப்பறதில்ல. ராத்திரி கரண்ட் போனாக்கூட நேரா போய் தண்ணி மொண்டு குடிச்சுட்டு வந்து படுத்துக்குவாரு. கரும்புக்கு நடுவுல ஆத்துக்குப் போற பாதை காலுக்குத் தெரியும். அதை வித்துட்டா அவருக்குன்னு தெரிஞ்ச இடம் ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தான் நான் வந்தேன். எனக்கு ஒரு சாண் நிலம் வேண்டாம்.

— இதை ஜட்ஜ்கிட்ட சொன்னா கேட்டுப்பாரு, தலையை ஆட்டுவாரு, கேவியட்டை எடுத்துடுவாரு. பாசம் பாத்தியதை ஆகாது தங்கச்சி. எழுத்து வேணும். என்ன துணிச்சல்ல போய் கேவியட் போட்ட?

— நானாப் போடல. அண்ணன் போடச் சொன்னாரு.

— எந்த அண்ணன்?

— இதே அண்ணன்தான். எனக்கு வேற அண்ணன் இல்ல.

— அவன் நிலத்துல அவனே கேவியட் போடச் சொல்லிட்டு, இப்ப அவனே எடுக்கச் சொல்லி சம்மன் கொடுத்திருக்கானா? என்னம்மா, காலைலேயே யாங்கோனா குடிச்சுட்டு வந்தியா?

— ஆறு வருஷம் ஆச்சு. ராக்கி அன்னிக்கு. நான் கயிறு கட்டினேன், நெத்தில பொட்டு வச்சேன், வாயில இனிப்பு கொடுத்தேன். எப்பவும் புடவை கொடுப்பாரு. அன்னிக்கு ஒரு பாரத்தை எடுத்து முன்னால வச்சாரு. 'வருஷா வருஷம் நான் உனக்குக் கொடுத்தேன், இந்த வருஷம் நீ எனக்குக் கொடு. எங்கப்பனுக்கு வந்தது எனக்கும் வருது'ன்னாரு.

— அப்பனுக்கு என்ன வந்துச்சு?

— அப்பா கடைசி காலத்துல யாரு வந்து காட்டினாலும் கைநாட்டு வைப்பாரு. மறதி. வீட்டுல யாருக்கும் தெரியல, சும்மா வயசு ஆயிடுச்சுன்னு விட்டுட்டோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நாலு ஏக்கர் அப்படித்தான் போச்சு.

— ...எங்கப்பாவும் அப்படித்தான். ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் எங்களுதும். ஊருக்கு ஊரு இதே கதைதான் போல. சரி, மேல சொல்லு.

— 'நாளைக்கு நானே வந்து விக்கணும்னு நிப்பேன். நீ விடாத. கத்துவேன், விடாத. திட்டுவேன், விடாத. உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பேன், அப்பவும் விடாத'ன்னாரு. மறுநாள் அவரே பஸ் ஏத்தி சுவாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி கையெழுத்துப் போட வச்சாரு.

— புத்திசாலிப் பய! பாரத்தையும் அவனே நிரப்பினானா?

— அவரேதான். நகல் வச்சிருக்கேன். பாக்கறீங்களா?

— கொடு, கொடு. கண்ணாடி... கண்ணாடி எங்க வச்சேன்?

— சட்டைப் பையில.

— ஆங். ம்ம்... ம்ம். யாரோ பழகின கை இது. இதோ பாரு, ஏழுக்கு நடுவுல சின்னதா ஒரு கோடு போட்டிருக்கான். ஒண்ணுன்னு யாரும் படிச்சுடக் கூடாதுன்னு. நானும் அப்படித்தான் போடுவேன். புதுசா வந்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். உங்கண்ணன் எங்க ஆபீஸ்ல இருந்தானா?

— இருந்தாரு.

— அதான் பாத்தேன். பட்டா நம்பர் சரி. எல்லை சரி. ஆனா இங்க பாரு, இங்க கோட்டை விட்டுட்டான். 'கேவியட் போடுபவரின் பாத்தியதை என்ன'ன்னு கேட்டிருக்கு. முக்கியமான கட்டமே இதுதான். 'ராக்கி அன்று தங்கை அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு'ன்னு எழுதி வச்சிருக்கான். கிறுக்கன்! இது எந்தக் கோர்ட்டுல நிக்கும்? ரெண்டு வரில ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதி முத்திரை வாங்கியிருந்தா இன்னிக்கு உன்னை ஒருத்தன் அசைக்க முடியாதே!

— நானும் கேட்டேன். இது போதுமான்னு. போதும்னாரு.

— போதாதே! எங்க ஆபீஸ் ஆளுக்கு இது தெரியாம இருக்காது. தெரிஞ்சே ஏன் இப்படி... இரு. இரு இரு. பேசாத.

— நான் பேசல.

— ஆ! பலே! பலேடா! தங்கச்சி, உங்கண்ணன் கோட்டை விடல. வேணும்னேதான் எழுதியிருக்கான்.

— ஏன்?

— பத்திரம் பலமா இருந்தா அவன் பையன் என்ன பண்ணுவான்? உன்கிட்ட வருவான். அழுவான், காலைப் பிடிப்பான், வீட்டுக்குள்ளயே பேசி உன்கிட்ட கையெழுத்து வாங்கிடுவான். பத்திரம் நொண்டியா இருந்தா? எந்த வக்கீலும் 'இதை எடுக்கறது சுலபம், கோர்ட்டுக்குப் போவோம்'னுதான் சொல்லுவான். அதான் உங்கண்ணனுக்கு வேணும். எல்லாரும் கேவியட்டைப் பூட்டுன்னு நினைக்கறாங்க. அது பூட்டு இல்லம்மா, வாசல்ல கட்டின மணி. சத்தம் போடும், அவ்வளவுதான். சத்தத்துக்கு எழுந்து வந்து பாக்கறது ஜட்ஜோட வேலை.

— எதைப் பாக்கணும்?

— அவனைத்தான்! நிலத்துக்காரனை! விக்கறதுக்கு முன்னால அவனை ஒரு ஜட்ஜ் நேருக்கு நேரா பாக்கணும், அவ்வளவுக்குத்தான் இந்தப் பாரம். அவன் சத்தியம் பண்ணிக் கொடுத்த அபிடவிட் வச்சிருக்கியா? என்ன எழுதியிருக்கான்?

— 'பிரதிவாதிக்கும் எனக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. பேராசையால் செய்தது'ன்னு இருக்கு.

— யாரோ எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க. அவன் அப்பன் கைநாட்டு வச்ச மாதிரியே. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. உன் பாத்தியதையைப் பத்திப் பேசவே பேசாத, அங்க உனக்கு ஒண்ணும் இல்ல. இந்த அபிடவிட்டைப் புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டானான்னு அவனையே கேக்க அனுமதி வாங்கச் சொல்லு உன் வக்கீலை. நிக்க வச்சு ஒரே ஒரு கேள்வி.

— என்ன கேள்வி?

— 'உங்க பக்கத்துல நிக்கற இந்தப் பொம்பளை யாரு?' அவ்வளவுதான். அதுக்குப் பதில் வரலேன்னா அபிடவிட் செல்லாது. சம்மனும் நிக்காது. அவனுக்காகப் பேச வேற ஆளை கோர்ட் போடும், டாக்டரைக் கேக்கும். அதுவரைக்கும் நிலத்தை ஒருத்தன் தொட முடியாது.

— என் வக்கீலும் இதையேதான் சொன்னா. முந்தாநாள்.

— அட, சின்னப் பொண்ணு பரவாயில்லையே! நீ என்ன சொன்ன?

— வேணாம்னுட்டேன்.

— ஏன்?

— முப்பத்தெட்டு வருஷம் நிமிந்து நடந்த இடம்ண்ணே அவருக்கு. இங்க தூணுக்குக்கூட அவரைத் தெரியும். இத்தனை பேரு முன்னால, அவரு முழிக்கறதை... என்னால முடியாது. நிலம் போனாலும் போகட்டும்னு தோணிடுச்சு.

— வெக்கப்படுவான்னு பாக்கறியா?

— ஆமா.

— அவன் என்ன சொன்னான் உன்கிட்ட? திரும்பச் சொல்லு.

— கத்துவேன் விடாத, திட்டுவேன் விடாத, கோர்ட்டுக்கு இழுப்பேன், அப்பவும் விடாத.

— அப்புறம் என்ன? அவன் வெக்கத்தையும் சேத்துத்தான் உன்கிட்ட கொடுத்திருக்கான். கேக்கச் சொல்லு.

— நீங்க சொல்றீங்களா? கேக்கணும்னு?

— நான்தான் சொல்றேன். அந்த ஆளு இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

— சரிண்ணே. உள்ள போனதும் அவ காதுல சொல்லிடறேன்.

— அழறியா?

— இல்ல. டீ ஆறிடுச்சு, குடிங்க. கையில என்னண்ணே கயிறு? வெளுத்துப் போயிருக்கு.

— இதுவா? ராக்கி. என் தங்கச்சி கட்டினது. போன வருஷத்துது. இந்த வருஷம் அவ வரவே இல்ல. என்ன கோவமோ.

— வந்திருப்பாங்க. வாசல் கேட்டு பூட்டியிருந்திருக்கும்.

— பூட்டியிருந்தா என்ன? கத்திக் கூப்பிட வேண்டியதுதானே? அவ குரல் எனக்குத் தெரியாதா? நீ கட்டினியா உங்கண்ணனுக்கு, இந்த வருஷம்?

— பையில இருக்கு. இப்பக் கட்டட்டுமா உங்களுக்கு?

— எனக்கா? நாள்தான் தாண்டிடுச்சே. இருக்கட்டும், ஆசையா கேக்கற, கட்டு. பழசை அவுத்துடாத, அது என் தங்கச்சி கட்டினது. அதுக்குப் பக்கத்துல கட்டு.

— கையை நீட்டுங்க.

— திருப்பிக் கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா.

— கொடுத்துட்டீங்க.

— அடுத்த வழக்கு! வாதி, பிஸேஸ்வர், தகப்பன் பேரு ராம்லக்கன்! பிரதிவாதி, சுமிந்திரா, தகப்பன் பேரு ராம்லக்கன்! வாங்க பெரியவரே. வாங்கக்கா, ஜட்ஜ் காத்துக்கிட்டு இருக்காரு.

— எழுந்திருங்கண்ணே. என் கையைப் பிடிச்சுக்கங்க. இங்க ஒரு படி இருக்கு.

— இரு, இரு. வைஸேயா என் பேரையா கூப்பிட்டான்?

— ஆமாண்ணே.

— அந்த ரெண்டாவது பேரு?

— நான்தான்.

— அட! உங்கப்பா பேரும் ராம்லக்கன்தானா தங்கச்சி?